ஊழியத்துக்கு விலை பேசினவர்களும் உதயம்பேரூர் சங்கமும்



நம்ம ஏரியிலே பாடு யாருக்கு என்று எப்படித் தீர்மானிக்கிறோம்? முறை வைத்துத்தானே! காசுள்ளவன் வந்து நல்ல பாட்டை விலைக்குக் கேட்டால் ஊர்க்கூட்டம் சும்மா இருக்குமா? ஆனால் சபைச் சரித்திரத்தில் ஒரு காலத்தில் இதுதான் நடந்தது. பிஷப் பட்டத்தையே பணத்துக்கு வாங்கினார்கள். அப்போஸ்தலர் 8-ம் அதிகாரத்தில் பேதுருவிடம் பணத்தை நீட்டின சீமோனை அறிவீர்கள். அவன் பெயரையே இந்தப் பாவத்துக்கு வைத்துவிட்டார்கள்.

இதை நிறுத்த ரோமாபுரியில் லாத்தரன் ஆலயத்தில் சங்கங்கள் கூடின. 1123-ல் கூடினது பணத்துக்குப் பட்டம் கொடுப்பதைத் தடுத்தது. 1139-ல் கூடினதோ குருமாரின் விவாகம் விவாகமே அல்ல என்றது. 1215-ல் போப்பு மூன்றாம் இன்னொசெந்து கூட்டின சங்கத்துக்கு 400-க்கும் மேற்பட்ட பிஷப்புமார் வந்தார்கள். குருமாருக்குக் குடிவெறி ஆகாது, சூதாட்டம் ஆகாது, அடக்கத்துக்கும் கல்யாணத்துக்கும் காசு கறக்கக்கூடாது என்று எழுதி வைத்தார்கள். எழுதி வைக்க வேண்டியிருந்தது என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும், பாருங்கள்.

அந்த நாட்டுக் கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? இதே சட்டங்கள் கப்பலேறி நம் பக்கத்துக்கு வந்தன. 1599 ஜூன் 20 முதல் 26 வரை, கொச்சிக்கு அருகே உதயம்பேரூரில், கோவா பேராயர் அலெய்சோ தெ மெனேசெஸ் ஒரு சங்கம் கூட்டினார். அங்கே தோமா கிறிஸ்தவர்களின் குருமாருக்குக் கத்தனார் என்று பெயர். பலர் பெண்டாட்டி பிள்ளையோடு குடும்பம் நடத்தினவர்கள். திருச்சடங்குகளுக்கு விலை பேசக்கூடாது என்று சங்கம் சொன்னது. அது நியாயந்தான். ஆனால் கூடவே, மனைவியையும் விட்டுப் பிரியச் சொன்னது! கண்காணி ஒரே மனைவியை உடையவனாய் இருக்கலாம் என்று 1 தீமோத்தேயு 3-ல் பவுல் இடங்கொடுத்திருக்க, அந்த ஸ்திரீகள் என்ன பாவம் செய்தார்கள்? அவர்கள் பிள்ளைகள் எங்கே போவார்கள்? சுரியானி புத்தகங்களையும் நெருப்பில் போட்டார்கள். கெட்ட மீனை எடுத்துப் போடுகிறேன் என்று வலையையே அறுத்த கதை!

ஜனங்கள் மறக்கவில்லை. 54 வருஷம் கழித்து, 1653 ஜனவரி 3-ல், மட்டாஞ்சேரியில் ஒரு சிலுவையில் கயிறு கட்டி, திரளான பேர் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இனி ஏசுசபைக் குருமாருக்குக் கீழ்ப்படியமாட்டோம் என்று ஆணையிட்டார்கள். கூனன் குருசு சத்தியம் என்பது அதுதான். ஒன்றாயிருந்த சபை இரண்டாய்ப் போயிற்று.

பிறரைச் சொல்லிவிட்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. போன மாசம் ஓர் அடக்க ஆராதனை முடிந்ததும், அந்த வீட்டு அம்மா ஒரு கவரை என் கையில் வைத்தார்கள். வட்டிக்கு வாங்கின பணம் என்று பிற்பாடுதான் தெரிந்தது. நான் கேட்கவில்லை, ஆனால் வாங்கிட்டேன். இந்தப் பாடத்தை எழுதும்போதெல்லாம் அந்தக் கவர்தான் கண்முன் நிற்கிறது.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. வருகிற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குக் காணிக்கைக் கணக்கு நோட்டை எடுத்து வருகிறேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கேட்கலாம்.