ஸ்டிராபெரியின் கனி யாது?

ஸ்டிராபெரி என்னுஞ் சிறுசெடி ரோஜாக் குடும்பத்தைச் சார்ந்தது. மும்மூன்று சிற்றிலைகளும் ஐந்து வெள்ளிதழ் கொண்ட மலரும் அதற்குரியன. அதன் செங்கனியை யாவரும் விரும்பி உண்பர். ஆயின், நாவிற்கு இனிக்கும் அப்பகுதி கனியே அன்று எனத் தாவர நூலார் கூறுவர். இஃது எங்ஙனம் என நோக்குவாம்.

சூலகம் முதிர்ந்து ஆவதே கனி. இம்மலரின் நடுவே ஒரு சிறு மேட்டின்மீது சூலகங்கள் பல நெருங்கி நிற்கும். அம்மேடு பூத்தளம் எனப்படும். சூலுற்றபின் அத்தளமே பருத்துச் சாறு நிறைந்து சிவக்கின்றது. அதன் புறத்தே விதைகள்போல் தோன்றும் மணிகளே உண்மைக் கனிகள். ஒவ்வொன்றினுள்ளும் ஒரு விதை அடங்கியுள்ளது. முந்திரியும் ஏறக்குறைய இத்தகையதே. அதன் பழமெனப்படுவது பருத்த காம்பேயாம், கீழே தொங்கும் கொட்டையே கனி. இலக்கணம் பயிலும் நாம் இவ்வழக்கை ஆகுபெயர் என்று அமைத்துக்கொள்ளலாம் போலும்!

இம்மணிகளின்றித் தளம் பருப்பதில்லை. 1950-இல் நீட்ச் என்னும் அறிஞர் இளங்காயினின்று அவற்றை அகற்றவே, வளர்ச்சி நின்றது. ஓரிரு மணிகளை விட்டுவைத்தபோது அவற்றைச் சூழ்ந்த பகுதி மாத்திரம் பருத்தது. மணிகளை நீக்கிய காயில் ஆக்சின் என்னும் வளர்ச்சிப்பொருளைப் பூச, அது மீண்டும் வளர்ந்தது.

இனி, இச்செடி பெருகும் வகை. தாய்ச்செடி நிலத்தின்மேல் ஓடுதண்டுகளைப் படரவிடும். அவற்றின் கணுக்கள் வேரூன்றிச் சேய்ச்செடிகள் தோன்றும். சேய் எவ்வாற்றானும் தாயை ஒக்கும். இதனால் விளைந்த இடர் ஒன்றுண்டு. பிரெஞ்சு நாட்டுப் படைப்பொறியாளர் பிரேசியே என்பார், ஸ்பானியரின் அரண்களை வேவு பார்க்கத் தென்னமெரிக்கா சென்று, 1714-இல் மீளுங்கால் சிலி நாட்டுச் செடிகள் சிலவற்றைக் கொணர்ந்தார். (பிரெஞ்சு மொழியில் இச்செடியின் பெயரும் அவர் பெயரும் ஏறக்குறைய ஒன்றாய் ஒலிப்பது ஒரு விந்தை.) கடற்பயணத்தில் ஐந்தே பிழைத்தன. அவ்வினத்தில் ஆணும் பெண்ணும் வெவ்வேறு செடிகள். பெருங்காய் உள்ளனவற்றையே அவர் தேர்ந்தமையின், வந்தவை யாவும் பெண்செடிகள். ஓடுதண்டினால் எத்துணை பெருக்கினும் பெண்ணே பிறக்கும். ஆகவே அவை பூத்தும் காய்த்தில.

ஐரோப்பியக் காட்டினத்தின் மகரந்தமும் பயன்படவில்லை. அதன் உயிரணுவில் நிறக்கோல்கள் 14; சிலியினத்திலோ 56. வட அமெரிக்காவினின்று வந்த வர்ஜீனியா இனத்திற்கும் 56 உண்டு. பிரிட்டனிப் பகுதியில் அதனை அருகே நட்டபின்னரே சிலிச்செடிகள் மிகுதியாய்க் காய்த்தன. அவ்விரண்டின் கலப்பே இன்று உலகெங்கும் பயிராகும் தோட்ட ஸ்டிராபெரி. அதன் பிறப்பை ஆராய்ந்து 1766-இல் நூல் வெளியிட்ட டியுஷேன் அப்பொழுது இருபது நிரம்பாத இளைஞர். நம் வகுப்பினருள் ஒருவரை ஒத்தவர்.