திடலில் வேகம், சாலையில் நிதானம்

ஒரு காலத்தில், மோட்டார் பந்தயம் காண ஜொகூர் பாரு மக்கள் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. அருகிலுள்ள பாசிர் கூடாங்கில் 3.86 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடம் இருந்தது. 1998ஆம் ஆண்டு அங்கு நடந்த உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் 500 சிசி பிரிவில் ஆஸ்திரேலிய வீரர் மிக் டூஹான் வென்றார். மறு ஆண்டே சிப்பாங் தடம் திறக்கப்பட்டது. உலகப் பந்தயமும் அங்கு மாறியது.

இப்போது ஜொகூர் பாருக் குடும்பங்கள் விடியுமுன் புறப்பட்டு, வட தென் நெடுஞ்சாலை வழியே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் பயணம் செய்கின்றன. தொப்பி, குடை, தண்ணீர் ஆகியவற்றோடு பிள்ளைகளுக்குக் காதடைப்பானும் தேவை. இயந்திரங்களின் இரைச்சல் காதைப் பிளக்கும்.

சிப்பாங் தடம் 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 வளைவுகளும் கொண்டது. வீரர்களின் வேகம் இளையோரைக் கவர்கிறது. அவ்வேகத்திற்குப் பின்னால் பல பாதுகாப்பு ஏற்பாடுகள் உள்ளன. வீரர்கள் தலைக்கவசமும் தடித்த தோலாடையும் அணிகின்றனர். ஆபத்து நேர்ந்தால் பணியாளர்கள் கொடி காட்டி எச்சரிக்கின்றனர். மருத்துவக் குழு காத்திருக்கிறது. எதிரே எந்த வாகனமும் வருவதில்லை.

இத்தனை இருந்தும், 2011இல் இத்தாலிய வீரர் மார்கோ சிமொன்செல்லி சிப்பாங்கில் விபத்துக்குள்ளாகி உயிரிழந்தார். அப்படியிருக்க, இப்பாதுகாப்பு எதுவுமில்லாத பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். பந்தயம் பார்த்துத் திரும்பும் குடும்பங்கள் மனத்தில் கொள்ள வேண்டிய பாடம் இதுவே.