ஆசிரியரின் புதிய துணை

புதுச்சேரிக்குத் தெற்கே, நெல்வயல்கள் சூழ்ந்த பாகூரில், கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே சிறந்ததொரு கல்விச்சாலை விளங்கியது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் அச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டன. இதனை, வடமொழியிலும் தமிழிலும் பொறிக்கப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. கற்பிப்போர் பிழைப்புக் கவலையின்றித் தம் பொழுதைக் கல்விக்கே செலவிடுதல் வேண்டும் என்று அக்காலத்தார் எண்ணினர் போலும்!

இன்று பாகூர், வில்லியனூர் வட்டாரங்களின் சிற்றூர்ப் பள்ளிகளிலே ஆசிரியர்க்கு அரிதாய் இருப்பது அந்தப் பொழுதேயாகும். பாடக்குறிப்பு எழுதுதல், வினாத்தாள் அமைத்தல், பதிவேடு நிரப்புதல் ஆகியவற்றில் மாலைநேரம் கழிந்துவிடுகிறது. மேலும், 2023-24 ஆம் கல்வியாண்டில் புதுவை அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்திற்கு மாறத் தொடங்கின. வீட்டிலே தமிழன்றி வேறுமொழி கேளாத பிள்ளைகள் அறிவியலை ஆங்கில நூலில் கற்கவேண்டியவராயினர். இச்சுமையைக் குறைக்க ஆக்கச் செயற்கை நுண்ணறிவு உதவுமா என்பதே இங்கு நாம் ஆராயும் பொருள்.

இக்கருவி 2022 நவம்பரில் ‘சாட்ஜிபிடி’ என்ற பெயரோடு வெளிவந்தபின் உலகெங்கும் பரவியது. கோடிக்கணக்கான பக்கங்களைப் பயின்று, ஒரு சொல்லை அடுத்து எச்சொல் வருதல் பொருந்தும் என்று கணித்துக் கணித்து விடை எழுதுவதே இதன் இயல்பு. நூலகத்தில் தேடி எடுத்துத் தரும் ஏவலாள் என்று இதனைக் கருதுதல் கூடாது. கேட்டவற்றின் சாயலிற் புதிதாகப் பேசும் நாவன்மையாளன் என்பதே பொருந்தும். ஆகவே உண்மையையும் பொய்யையும் ஒரே உறுதியோடு உரைக்கும். திருக்குறளில் இல்லாத குறளைப் புனைந்து, அதற்கு எண்ணும் இட்டுத் தரக்கூடும்! தமிழ்ப் பக்கங்களை இது ஆங்கிலத்தினும் மிகக் குறைவாகவே பயின்றுள்ளது. ஆதலால் நம் மொழியில் இதன் தடுமாற்றமும் மிகுதி.

எனினும், அறிந்து ஏவினால் நற்பயன் விளையும். கருநாடகத்தில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சி நிலையமும் சிக்ஷனா அறக்கட்டளையும் இணைந்து ‘சிக்ஷா கோபைலட்’ என்னும் கருவியை அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் சோதித்தன. பாடக்குறிப்பு எழுதும் நேரம் வெகுவாகக் குறைந்தது என ஆசிரியர்கள் கூறினர். நம் ஊர் ஆசிரியரும், ‘ஆவியாதல் பற்றிய இப்பாடத்தை எளிய தமிழில் விளக்கு, கோடையில் ஊசுட்டேரி நீர் குறைவதை எடுத்துக்காட்டாகக் கொள், ஆங்கிலக் கலைச்சொற்களுக்குப் பக்கத்தில் தமிழ்ச்சொல் தா’ என்று பணிக்கலாம். படிப்பில் மெலிந்தவர்க்கு ஒன்று, வல்லவர்க்கு ஒன்று என ஒரே பாடத்தை இருவகையாகவும் பெறலாம்.

கணக்குப் பாடத்தைச் சற்று விரிவாகக் காண்போம். பாகூர் ஏரி மதகு ஒன்றில் நொடிக்கு 40 லிட்டர் நீர் பாய்வதாகக் கொள்வோம். ஓர் ஏக்கர் வயலில் 5 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் நிற்க எவ்வளவு நேரம் ஆகும்? நூலிலுள்ள தொட்டிக் கணக்கைவிட இஃது உழவர் வீட்டுப் பிள்ளைக்கு உவப்பானது. இத்தகைய கணக்குகள் பத்தினைக் கருவி நொடியில் தந்துவிடும். ஆனால் அலகுகளை மாற்றுங்கால் பிழைபட்டு, எட்டு நிமிடம் என்று விடை கூறினும் வியப்பில்லை. ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். வேண்டிய நீர் ஏறத்தாழ 2,02,350 லிட்டர். எனவே ஏறக்குறைய 84 நிமிடம் ஆகும். வழியிற் கசியும் நீரை இங்கே கணக்கிற் சேர்க்கவில்லை. எட்டு நிமிடத்தில் ஏக்கர் வயல் நிறையாது என்பதை மடை திருப்பிய பிள்ளை உடனே கண்டுபிடிப்பான். ஆசிரியர் அப்பிழையை மறைக்காமல் வகுப்பின்முன் வைத்து, ‘எங்கே தவறிற்று?’ என்று வினவுவாராயின், அதுவே நல்லதொரு பாடமாகிவிடும்.

சிலவற்றைக் கருவியிடம் ஒப்படைத்தலாகாது. மாணவரின் பெயர், மதிப்பெண், நோய், குடும்பநிலை ஆகியவற்றை அதில் எழுதுதல் தகாது. 2023 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவர் பற்றிய விவரங்களைக் கையாளப் பெற்றோர் இசைவை வேண்டுகிறது. கட்டுரைக்கு மதிப்பெண் இடுதலும் ஆசிரியர் கடனே. தாளிலுள்ள சொற்களைத்தான் கருவி காணும். சென்ற மாதம் ஒரு வரியும் எழுதத் தெரியாதவன் இன்று பத்து வரி எழுதியிருக்கிறான் என்பதை அது அறியாது.

மாணவரே கட்டுரையைக் கருவியிடம் எழுதி வாங்கினால் என் செய்வது? இயந்திரத்தின் எழுத்தைக் கண்டறியவென்று சாட்ஜிபிடியை ஆக்கிய நிறுவனமே வெளியிட்ட கருவி, துல்லியம் போதாமையால் 2023 சூலையில் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே வேவு பார்ப்பதினும் வினாவை மாற்றுவதே தக்கது. ‘ஏரிகளின் பயன்’ என்னும் தலைப்பை இயந்திரம் எளிதில் எழுதிவிடும். ‘உன் தெருவில் மூத்த உழவர் ஒருவரைக் கண்டு, ஏரி நீரை முறைவைத்துப் பங்கிட்ட வழக்கத்தைக் கேட்டு எழுதுக; நாளை வகுப்பில் அதனை வாய்மொழியாக விளக்குக’ என்று பணித்தால், மாணவன் கைப்பேசியை வைத்துவிட்டு ஏரிக்கரைக்குத்தான் போகவேண்டும்.