முள்வேலியின் நினைவைக் காத்த மாணவர்கள்

(பத்தாம் வகுப்பு மாணவி)

வரலாற்றுச் சின்னம் என்றதும் நம் நினைவுக்கு வருவன கோயில்களும் கோட்டைகளும் ஆகும். தஞ்சைப் பெரிய கோயிலையும் மாமல்லபுரத்துச் சிற்பங்களையும் அரசு ஏன் காக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. அவை நம் முன்னோரின் பெருமையைச் சொல்பவை. ஆனால் ஒரு நாடு தான் செய்த தவற்றின் சின்னத்தையும் அதே கவனத்தோடு காக்க வேண்டுமா? அமெரிக்காவின் சிற்றூர் ஒன்றில் நம் வயதொத்த பள்ளி மாணவர்கள் இவ்வினாவுக்குத் தம் உழைப்பால் விடை தந்துள்ளனர். அவ்வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

அச்சம் பிறப்பித்த ஆணை

1941 ஆம் ஆண்டு டிசம்பர் 7 ஆம் நாள், ஹவாய்த் தீவிலுள்ள பேர்ள் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பானிய விமானங்கள் தாக்கின. அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. நாடெங்கும் அச்சமும் சினமும் பரவின. மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் அனைவரையும் ஒற்றர்களாகவே பலரும் பார்க்கத் தொடங்கினர்.

1942 பிப்ரவரி 19 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 9066 ஆம் எண் ஆணையில் கையொப்பமிட்டார். அவ்வாணையில் 'ஜப்பானியர்' என்ற சொல்லே இல்லை. குறிப்பிட்ட பகுதிகளிலிருந்து எவரையும் வெளியேற்றும் அதிகாரத்தை அது இராணுவத்துக்கு அளித்தது. அதைக் கொண்டு ஏறத்தாழ 1,20,000 பேர் தங்கள் இல்லங்களிலிருந்து அகற்றப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். வழக்கு இல்லை; விசாரணை இல்லை; கையில் தூக்கிச் செல்லக்கூடிய பொருள்களை மட்டுமே எடுத்துச் செல்ல இசைவு கிடைத்தது. வயலையும் கடையையும் வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போனவர் பலர். கலிபோர்னியாவில் குதிரைப் பந்தயத் திடல் ஒன்றின் லாயங்களிலும் குடும்பங்கள் சில மாதங்கள் தங்கவைக்கப்பட்டன. பின்னர் உள்நாட்டின் வறண்ட பகுதிகளில் கட்டப்பட்ட பத்து முகாம்களுக்கு இவர்கள் அனுப்பப்பட்டனர்.

அமாச்சி முகாம்

அப்பத்தில் ஒன்று கொலராடோ மாநிலத்தின் தென்கிழக்கில், கிரனடா என்னும் சிற்றூரின் அருகே அமைந்த அமாச்சி முகாம். செயேன் என்னும் அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெண்மணியின் பெயர் அதற்கு இடப்பட்டது. 1942 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அம்முகாமில், ஒரு காலத்தில் 7,300 பேருக்கு மேல் வாழ்ந்தனர். 20 அடி அகலமும் 120 அடி நீளமும் கொண்ட மரக் கொட்டகை ஒவ்வொன்றும் ஆறு அறைகளாகத் தடுக்கப்பட்டிருந்தது. ஓர் அறையே ஒரு குடும்பத்தின் வீடு. உணவு பொதுக்கூடத்தில், குளியலும் துணி வெளுத்தலும் பொதுக் கட்டடத்தில். சுற்றிலும் முள்கம்பி வேலி, காவல் கோபுரங்கள், ஓயாத புழுதிக் காற்று.

அத்தகைய இடத்திலும் அம்மக்கள் மனம் தளரவில்லை. மணற்பாங்கான நிலத்தில் மரம் நட்டனர், தோட்டம் அமைத்தனர், வயல்களில் காய்கறி விளைவித்தனர். அமெரிக்கக் கடற்படைக்கு வேண்டிய சுவரொட்டிகளை அச்சிட்டுக் கொடுத்தனர். பிள்ளைகள் முகாமுக்குள்ளேயே பள்ளி சென்றனர். அம்மாணவர்கள் ஆண்டு மலரும் வெளியிட்டனர் என்று அறியும்போது, இம்மலரைக் கையில் வைத்திருக்கும் நமக்கு நெஞ்சம் நெகிழ்கிறது. முகாமைச் சேர்ந்த 953 பேர் அமெரிக்கப் படையில் பணியாற்றினர். 31 பேர் போர்க்களத்தில் உயிர் நீத்தனர். பெற்றோர் முள்வேலிக்குள் இருக்க, பிள்ளைகள் அந்நாட்டுக்காகவே உயிர் கொடுத்தனர்!

நல்லோரும் அக்காலத்தில் இல்லாமல் இல்லை. கொலராடோ ஆளுநர் ரால்ஃப் கார், குடிமக்களின் உரிமையை இனம் பார்த்துப் பறித்தல் தகாது என வெளிப்படையாகப் பேசினார். 1942 இல் நடந்த செனட் தேர்தலில் அவர் தோற்றுப்போனார். இன்று டென்வர் நகரில் அவருக்குச் சிலை உண்டு.

மறைந்துபோன ஊர்

1945 அக்டோபர் 15 அன்று முகாம் மூடப்பட்டது. கட்டடங்கள் விற்கப்பட்டுப் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டன. சிமெண்டு அடித்தளங்களும், சில மரங்களும், ஒரு கல்லறைத் தோட்டமுமே எஞ்சின. அங்கு வாழ்ந்தவர்களும் வாய் திறக்கவில்லை. அவமானமும் வேதனையும் தடுத்ததால், தம் பிள்ளைகளிடம்கூடப் பலர் அக்காலத்தைப் பற்றிப் பேசியதில்லை. இடமும் அழிந்து, சொல்வாரும் இல்லாமற்போனால் அந்நிகழ்ச்சியே நடக்கவில்லை என்று ஆகிவிடும் அன்றோ?

மாணவர் ஆற்றிய தொண்டு

1993 ஆம் ஆண்டு, கிரனடா உயர்நிலைப் பள்ளியில் சமூகவியல் கற்பித்த ஜான் ஹாப்பர் என்னும் ஆசிரியர், தம் மாணவர்களைக் கொண்டு 'அமாச்சி பாதுகாப்புச் சங்கம்' ஒன்றைத் தொடங்கினார். அம்மாணவர்களில் பெரும்பாலோர் ஜப்பானிய வம்சத்தவர் அல்லர். ஆயினும் தம் ஊரில் நடந்தது தம் பொறுப்பு என்று கருதினர். புதர்களை வெட்டிக் கல்லறைத் தோட்டத்தைத் துப்புரவு செய்தனர். முகாமில் வாழ்ந்த முதியோரின் நினைவுகளைக் கேட்டறிந்தனர். அவர்கள் தந்த பொருள்களைத் திரட்டி ஊரில் ஓர் அருங்காட்சியகம் அமைத்தனர். வருவோருக்கு இடத்தைச் சுற்றிக் காட்டி விளக்கினர். மூத்த மாணவர் பள்ளியை விட்டுச் செல்ல, இளைய மாணவர் அப்பணியை ஏற்றனர். இவ்வாறு முப்பது ஆண்டுகளாக அத்தொண்டு தொடர்ந்து வந்துள்ளது.

2008 முதல் டென்வர் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்களும் அங்கு ஆய்வு நடத்தி வருகின்றனர். முன்பு அங்கு வாழ்ந்தோரும் அவர்தம் வழியினரும் உடனிருந்து உதவினர். மண்ணை மெல்ல அகற்றியபோது பழைய தோட்டங்கள் வெளிப்பட்டன. உரத்துக்காகச் சேர்த்த முட்டை ஓட்டுத் துண்டுகளும் கிடைத்தன. அவ்வறண்ட மண்ணில் ஒரு செடி தழைக்க எத்தனை பாடுபட்டனர் என்பதை அச்சிறு ஓடுகளே சான்று கூறுகின்றன. இடத்தை அப்படியே காப்பதன் பயன் இதுதான். புல்டோசர் கொண்டு நிரவியிருந்தால் இச்சான்று கிடைத்திருக்குமா?

இம்முயற்சிகள் வீண்போகவில்லை. 2006 இல் அமாச்சி தேசிய வரலாற்று அடையாளமாக அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச் 18 அன்று அதனைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் பைடன் கையொப்பமிட்டார். கிரனடா ஊர் நிலத்தைக் கொடையாக வழங்கியதைத் தொடர்ந்து, 2024 பிப்ரவரியில் அது தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் முறைப்படி சேர்ந்தது.

காப்பது ஏன்?

"பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். ஆனால் மூடி வைத்த புண் ஆறுவதில்லை. அமெரிக்க அரசு அமைத்த ஆய்வுக் குழு ஒன்று 1983 இல் தன் முடிவைக் கூறியது. மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த இம்மக்கள் ஓர் உளவுச் செயலோ நாசவேலையோ செய்ததற்குச் சான்று இல்லை என்றும், இனவெறுப்பும் போர்க்கால வெறியும் தலைவர்களின் தவறுமே இக்கொடுமைக்குக் காரணங்கள் என்றும் அது கண்டது. 1988 இல் அந்நாடு சட்டத்தின் வாயிலாக மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தோர் ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் இழப்பீடும் வழங்கியது. மன்னிப்புக் கேட்பது ஒரு நாளில் முடிந்துவிடும். அதனை நாளும் நினைவூட்ட ஓர் இடம் வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, இஃது அயல்நாட்டாரின் குற்றம் என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. 1962 இல் சீனப் போர் மூண்டபோது, நம் நாட்டிலும் சீன வம்சாவளியினர் ஏறத்தாழ 3,000 பேர் இராஜஸ்தானிலுள்ள தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் இந்தியாவிலேயே பிறந்து வளர்ந்த சிறுவர் சிறுமியரும் இருந்தனர். சிலர் பல ஆண்டுகள் அங்கே கழித்தனர். நம் பாடநூல்களில் நாம் இதைப் படித்ததில்லை. அச்சம் வந்துவிட்டால் எந்த நாடும் தன் அண்டை வீட்டாரையே பகைவராக எண்ணிவிடும் என்பதற்கு இவ்விரு முகாம்களும் சாட்சி.

தோழியரே! பெரிய சட்டங்களை இயற்றும் ஆற்றல் நமக்கு இன்று இல்லை. ஆனால் ஒரு கல்லறையைத் துப்புரவு செய்யவும், ஒரு முதியவரின் பேச்சைப் பொறுமையோடு கேட்டு எழுதி வைக்கவும் நம்மால் முடியும். கிரனடா மாணவர்கள் தொடங்கியதும் அவ்வளவில்தான். நம் ஊரிலும் எவரும் பேச விரும்பாத பழைய இடங்கள் இருக்கலாம். அவற்றைக் கேட்டறிவோம், பெருமைக்குரியவற்றைப் போலவே வருந்தத்தக்கவற்றையும் காப்போம். நமக்குப் பின் வரும் தங்கையர் அதே தவற்றைச் செய்யாதிருக்க நாம் ஆற்றக்கூடிய தொண்டு இதுவேயாகும்.