முதலில் இடம், பிறகு படகு

பதினாறு வயதுப் பிள்ளை மீன்பிடிக்கப் படகு கேட்டால் பெற்றவர்கள் முதலில் விலையை விசாரிக்கிறார்கள், அடுத்து எஞ்சினை. என் அனுபவத்தில் முதலில் கேட்க வேண்டியது, அதை எங்கே வைக்கப் போகிறோம் என்பதுதான். புதுச்சேரி நகரத்தில் இதற்குப் பதில் சுலபமில்லை. 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல் கொட்டி அலைதடுப்பு கட்டினார்கள். ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கி நகரும் மணல் தெற்கிலேயே தேங்கியது. நகரத்துக் கரை அரித்துப்போனது. கட்டுமரங்களை இழுத்துப்போட்ட வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் பக்கமெல்லாம் கருங்கல் குவியல். தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் செயற்கைத் திட்டு அமைத்தபின் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது, ஆனால் அது செல்ஃபி எடுக்க வருபவர்களுக்கு. ஆகவே படகு வீட்டில்தான் கிடக்கும். இருவர் தூக்கிக் குட்டியானையில் ஏற்றக்கூடிய பத்தடி ஃபைபர் படகுக்கு மேல் நகரத்துப் பிள்ளைக்கு வாங்குவதில் அர்த்தமில்லை.

"வளர்கிற பையன், பெரிசா எஞ்சினோட வாங்கிட்டா நாலு வருஷம் வரும்" என்பார்கள். கரையில் நாம் பார்க்கும் முப்பதடி ஃபைபர் படகை மேலே ஏற்ற ஒரு கூட்டம் வேண்டும், இல்லையென்றால் டிராக்டர். தூக்க முடியாத படகு ஒரே இடத்தில் கிடந்து வெயிலில் வெளுத்துப்போகும். எஞ்சின் பிள்ளையைத் தொலைவுக்குக் கொண்டுபோய்விடும். அது நின்றுவிட்டால் திரும்ப அவன் கையில் என்ன இருக்கிறது? துடுப்பு போட்டுப் போன தூரம் துடுப்பு போட்டே திரும்பக்கூடிய தூரம். அதுவும் காற்று பார்த்து, முகத்துவாரத்து அலையை விட்டு விலகி, சுண்ணாம்பாற்றுக் கழியில் பெரியவர் ஒருவர் கூட இருக்கும்போது. அந்தக் காலத்துப் பையன்கள் கட்டுமரத்தில்தானே பழகினார்கள் என்ற கேள்வி நியாயமானது. கட்டுமரத்தில் தண்ணீர் ஏறி நிற்க உள்ளிடம் கிடையாது, அதனால் மூழ்காது. ஆனால் மரம் நீர் குடித்துக் கனக்கும். கட்டை அவிழ்த்துக் கரையேற்றிக் காயவைக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்ததில் அந்தக் கட்டுப் போடத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். கட்டுமரத்தின் மூழ்காத குணத்தை மட்டும் ஃபைபரில் தேடலாம்: இருக்கைகளுக்கு அடியில் பஃப் நுரை நிரப்பி மூடியிருக்க வேண்டும். முழங்காலளவுத் தண்ணீரில் விளிம்புவரை நிரப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்போதும் மிதந்தால் வாங்கலாம். பழைய படகென்றால் நாணயத்தால் அடிப்பக்கம் முழுக்கத் தட்டுங்கள். 'டங்'கென்ற ஒலி திடீரென்று 'தொப்'பென்று மழுங்கும் இடத்தில் ஃபைபர் அடுக்கு விட்டிருக்கும்.

வைக்கும்போது கவிழ்த்து வையுங்கள். 2024 நவம்பர் 30-இல் கரை கடந்த ஃபெஞ்சல் புயல் இங்கே ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மூன்று சதுர மீட்டர் வாய் உள்ள படகு நிமிர்ந்து கிடந்திருந்தால் அதில் சேர்வது 1,000 லிட்டருக்கு மேல், அதாவது ஒரு டன். எந்த அடித்தட்டும் அதைத் தாங்கச் செய்ததல்ல. இரண்டு கட்டைமேல் ஏற்றி, சுவரில் வளையம் அடித்துக் கயிற்றால் இறுக்க வேண்டும், 2011 தானே புயல் போன்ற காற்றுக்குக் கவிழ்த்த படகும் பறக்கும். தென்னைக்கு அடியில் மட்டும் வேண்டாம். தார்ப்பாயை ஒட்டப் போர்த்தாமல் காற்றோட இடம் விடுங்கள். துடுப்பைப் படகோடு போட்டுவைக்காமல் வீட்டுக்குள் மாட்டி, அதே ஆணியில் அதன்மேல் லைஃப் ஜாக்கெட்டையும் மாட்டுங்கள். ஜாக்கெட்டை எடுக்காமல் துடுப்பை எடுக்க முடியாது. இரண்டையும் எடுக்க வீட்டுக்குள் வந்துதான் ஆக வேண்டும்.