ஆடு பருவத்துக்கு வரலையா? ஊசிக்கு முன்னாடி இதைப் படியுங்க!



நம்ம உத்திரமேரூர் பகுதிக்கு ஏற்றது சென்னை சிவப்பு செம்மறி ஆடு. பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். ஒரு பருவம் தவறினாலும் கடன் தவணை கட்டுவது கஷ்டமாகிவிடும்.

பருவம் எப்படி வருகிறது?

மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஹார்மோன்கள் ரத்தம் வழியாகச் சினைப்பைக்கு வருகின்றன. ஹார்மோன் சாவி என்றால், சினைப்பையில் இருக்கும் ‘ஏற்பி’ பூட்டு. இரண்டும் பொருந்தினால்தான் வேலை நடக்கும். முதல் ஹார்மோன் முட்டை இருக்கும் கொப்புளத்தை வளர்க்கிறது. அது நன்றாக வளர்ந்த பிறகுதான் அடுத்த ஹார்மோனுக்கான பூட்டு அதில் உண்டாகும். அப்போதுதான் முட்டை வெளிவரும். அந்த இடத்தில் மஞ்சள் நிறக் கட்டி ஒன்று உருவாகும். சினை பிடித்தால் அது கருவைக் காக்கும். பிடிக்காவிட்டால் கரைந்துபோய், சுமார் 17 நாளுக்கு ஒருமுறை ஆடு பருவத்துக்கு வரும்.

நாம் செய்ய வேண்டியது:

1. மெலிந்த ஆட்டில் ஹார்மோன் சுரப்பே குறையும். கிடா சேர்ப்பதற்கு 2-3 வாரம் முன்பிருந்து தினமும் 250 கிராம் அடர்தீவனம் கொடுங்கள்.

2. பருவ ஊசிகளில் ஒருவகை அந்த மஞ்சள் கட்டியைக் கரைப்பது. ஆடு இளஞ்சினையாக இருந்தால் கரு கலைந்துவிடும்! கால்நடை மருத்துவர் பார்க்காமல் ஊசி வேண்டாம்.

3. கிடா சேர்த்த தேதியைக் குறித்து வையுங்கள். சினைக்காலம் சுமார் 150 நாள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்: உங்க ஆடு கடைசியா எப்போ பருவத்துக்கு வந்தது?