மூன்றாம் நாளும் காய்ச்சல் இறங்காவிட்டால்

நிமோனியாவுக்குச் சரியான ஆன்டிபயாடிக் ஏறத் தொடங்கினால், இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் பெரும்பாலும் இறங்கும். என் நான்கு வயது மகனுக்கு இறங்கவில்லை. மூக்கு விடைக்க, விலா இடுக்கில் குழி விழ, மூச்சு வாங்கிக்கொண்டே கிடந்தான். மறுபடி எடுத்த எக்ஸ்ரேயில் நெஞ்சின் வலப்பக்கம் நீர் கோத்திருந்தது. சி.டி. ஸ்கேனில்தான் முழு விவரமும் தெரிந்தது: நெக்ரோடைசிங் நிமோனியா. ரத்த ஓட்டம் தடைபட்டு நுரையீரலின் ஒரு பகுதி அழுகி, குழிகளாகியிருந்தது. இத்தனைக்கும் கிருமி புதிதல்ல. நிமோனியாவை அதிகம் உண்டாக்கும் அதே நிமோகாக்கஸ்தான்.

மருந்து தொடங்கி 48 முதல் 72 மணி நேரமாகியும் காய்ச்சல் தணியாவிட்டால், "நெஞ்சை ஸ்கேன் பண்ணிப் பார்க்கணுமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். காய்ச்சல் அளவை நேரத்தோடு குறித்து வையுங்கள். பிள்ளை தூங்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒன்று முதல் ஐந்து வயதுவரை, நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் போனால் அது வேக மூச்சு.

நெஞ்சில் கோத்திருந்த அந்தச் சீழ் நீரை வடிக்க விலாவுக்கிடையே டியூப் போட்டார்கள். அதன் மறுமுனை கட்டிலடியில், தண்ணீர் பாட்டிலுக்குள். அவன் மூச்சுவிடும்போதெல்லாம் குழாயில் நீர்மட்டம் ஏறி இறங்கும். இருமினால் குமிழிகள் கொப்புளிக்கும். நுரையீரல் ஓட்டை வழியே காற்று கசிவதால் வரும் குமிழிகள் அவை. "பாட்டில் நெஞ்சுக்குக் கீழேயே இருக்கணும்மா. குமிழி வருதேன்னு டியூபை அடைச்சிடாதீங்க, காற்று உள்ளே தங்கிடும்" என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொன்னார். நடக்க வைக்கும்போதும் பாட்டிலைத் தாழ்த்தியே பிடித்துக்கொண்டேன். வலி மருந்தை நேரத்துக்குக் கேட்டு வாங்குங்கள். வலித்தால் பிள்ளை இருமாது, சளியும் வெளியேறாது.

"கெட்ட பகுதியை வெட்டி எடுத்துடலாமே" என்று உறவினர்கள் நெருக்கினார்கள். பிள்ளைகளுக்கு அது அரிதாகத்தான் தேவைப்படும் என்று டாக்டர் பொறுத்திருக்கச் சொன்னார். குமிழிகள் குறைந்து நின்றன. வீட்டுக்கு வந்தபின்னும் வாரக்கணக்கில் மாத்திரை. காய்ச்சல் விட்டதே என்று இடையில் நிறுத்தக் கூடாது. சில மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் குழிகள் மூடியிருந்தன. பிள்ளைகளின் நுரையீரலுக்கு அந்தத் தேறும் சக்தி உண்டு.

நிமோகாக்கஸில் 90-க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. தடுப்பூசி எல்லாவற்றுக்கும் காப்பல்ல. ஆனாலும் கடுமையான வகைகள் பலவற்றைத் தடுக்கிறது. தமிழ்நாட்டில் 2021 முதல் அரசே இதை இலவசமாகப் போடுகிறது: 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என்று மூன்று தவணை. அவன் தங்கைக்கு மூன்றும் போட்டாயிற்று.